அசையாத கை

பட்டாபிராமுக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி, ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று இருந்தது. வாசலில் இங்கிலீஷிலும் இந்தியிலும் பெரிய பெயர்ப்பலகை. அதை முழுதாகப் படித்தவர்கள் அந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. கொசு ஆபீஸ் என்று சொன்னால் ரிக்‌ஷாக்காரர் நேரே கொண்டுபோய் விடுவார்.

பஞ்சவர்ணம் அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தது 1983-ஆம் வருஷம் ஆடி மாதத்தில். தினக்கூலி வேலை. அவள் புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் மணல் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தவன்; நெஞ்சில் சளி கட்டி முந்தின வருஷம் செத்துப்போயிருந்தான். ஒரே மகள் புஷ்பா அப்போது ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசுக்குத் தலைவர் டாக்டர் உலகநாதன். கொசுவைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அது தெரியாமல் சுற்றுப்பட்டு ஜனங்கள் காய்ச்சல் வந்த பிள்ளைகளை அவரிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் திருப்பி அனுப்பிவிடுவார். ஊசி போடாத டாக்டர் என்று அவருக்குப் பெயர்.

மெட்ராஸில் மலேரியாவைப் பரப்புகிற கொசு சாக்கடைக் கொசு இல்லை. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும், நல்ல தண்ணீரில் பிறக்கிற கொசு. அதைக் கூண்டில் வைத்து, தலைமுறை தலைமுறையாக வளர்க்க வேண்டும் என்பது உலகநாதனின் திட்டம். வளர்த்தால்தான் எந்த மருந்துக்கு அது சாகும், எந்த மருந்துக்குச் சாகாது என்று சோதிக்க முடியும். ஆனால் கொசு அவருக்கு வளைந்து கொடுக்கவில்லை. பெண் கொசு முட்டை வைக்க ரத்தம் வேண்டும். வயிற்று மயிரைச் சிரைத்த முயலைக் கூண்டுக்குள் கட்டிப்போட்டார்கள். கொசுக்கள் முயலைச் சீண்டாமல் வலைத்துணியில் ஒட்டியபடி பட்டினி கிடந்து செத்தன. ஒவ்வொரு முறையும் ஆவடிக் கிணறுகளில் கொசுப்புழுக்களை அள்ளிவந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பஞ்சவர்ணம் கூண்டு வைத்திருந்த மேடைக்குப் பின்னால் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். இடது கை ஒரு கூண்டின் வலைத்துணியில் சாய்ந்திருந்தது. லேப் அட்டெண்டர் பால்ராஜ்தான் முதலில் பார்த்தான்.

"யக்கா, கைய எடு! உன்ன குடிக்குது பாரு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். கை பட்ட இடத்தில் வலைத்துணி கறுப்பாக இருந்தது. அவ்வளவு கொசு. எடுத்தால் நசுங்கிவிடும், டாக்டர் திட்டுவார் என்று பயந்து அப்படியே நின்றாள். குடித்து முடித்த கொசுக்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே விலகிப் பறந்தன. அந்தக் கூண்டில் மட்டும் மூன்றாம் நாள் கிண்ணத்துத் தண்ணீரில் முட்டைகள் மிதந்தன.

"யார் கை வைத்தது?" என்று உலகநாதன் கேட்டார். வேலை போனது என்று நினைத்துக்கொண்டு பஞ்சவர்ணம் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கும் வை" என்றார்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. கூண்டின் ஒரு பக்கத்தில் கையை நுழைக்கத் துணியில் ஒரு குழாய் தைத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், பொழுது சாயும் நேரத்தில், பஞ்சவர்ணம் முழங்கை வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார வேண்டும். அன்றைக்குக் கையில் சோப்பு படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது. வெளிச்சத்தில் கொசுக்கள் தயங்குவதைக் கண்டு, செத்துப்போன புருஷனின் குடையைப் பிரித்து அந்தக் கறுப்புத் துணியைக் கொண்டுவந்து கூண்டின் மேல் போர்த்தியவள் அவள்தான். அதற்குப் பிறகு எல்லாக் கூண்டுகளுக்கும் கறுப்புத் துணி வந்தது.

மற்றவர்களும் கை கொடுத்துப் பார்த்தார்கள். பால்ராஜ் உட்கார்ந்த சூட்டோடு "யம்மாடி" என்று கையை உருவிக்கொண்டு அறைக்கு வெளியே ஓடினான். படித்த உதவியாளர்கள் இருவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பல்லைக் கடித்தால் கைச்சதை இறுகும். இறுகினால் கொசு பாதியில் எழுந்துவிடும். பாதி குடித்த கொசு முட்டை வைக்காது. கை அசையக்கூடாது. அசையக்கூடாது என்றால், ஒரு நரம்புகூடத் துடிக்கக்கூடாது. அது பஞ்சவர்ணத்துக்கு மட்டும் வந்தது. எப்படி என்று பால்ராஜ் கேட்டதற்கு, "அது என் கை இல்லன்னு நென்ச்சிக்குவேன்" என்றாள்.

"அப்போ யார் கை?"

"எவளோ ஒருத்தி. பாவம்."

முதல் இரண்டு வருஷம் கை வீங்கிக் கிடந்தது. தூக்கத்தில் சொறிந்து புண்ணாகும். புண் ஆறுவதற்கு உலகநாதன் ஒரு டியூப் களிம்பு வாங்கிக் கொடுத்தார். களிம்பு தடவினால் அரிப்பு அடங்கியது. தீர்ந்ததும் மறுபடி ஒன்று கொடுத்தார். பிறகு மெல்ல மெல்ல வீக்கம் வருவதே நின்றுபோயிற்று. எத்தனை கொசு கடித்தாலும் தோல் தடிப்பதில்லை. உடம்பு பழகிவிட்டது என்றார் உலகநாதன். ஆனால் பழைய சொறியின் கறுப்புப் புள்ளிகள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அப்படியே தங்கிவிட்டன. களிம்பு அதிகம் பட்ட இடங்களில் தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாக ஆயிற்று. அவள் முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். சித்திரை வெயிலிலும் முழுக்கைதான்.

1987-இல் உலகநாதனின் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அச்சாகி வந்தது. மெட்ராஸ் கிணற்றுக் கொசுவை முதன்முதலாகக் கூண்டில் இருபது தலைமுறைக்கு மேல் வளர்த்துக் காட்டியவர் என்று டெல்லியிலிருந்து பாராட்டு வந்தது. ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு. பால்ராஜ் பி.யூ.சி. வரை படித்தவன், எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"யக்கா, கொசுக்கு மொயல் ரத்தம் குடுத்தாங்கன்னு போட்டுகீது. நீ மொயலாம்!"

"அப்போ காது எங்கடா?" என்று தலையைத் தொட்டுக் காட்டினாள் பஞ்சவர்ணம். அவளும் சிரித்தாள்.

மனுஷக் கையைக் கொடுத்தோம் என்று எழுதினால், யாரிடம் அனுமதி வாங்கினீர்கள், கையெழுத்து எங்கே என்று வெளிநாட்டுக்காரன் கேட்பானாம். உலகநாதனே பால்ராஜிடம் சொன்னது இது. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லியிருந்த இடத்தில் டைப் அடித்தவர் பெயரும், படம் எடுத்தவர் பெயரும், பால்ராஜ் பெயரும் இருந்தன. கட்டுரை வந்த கையோடு நான்கு வெள்ளை முயல்கள் வாங்கிக் கொல்லைப்பக்கம் கூண்டு கட்டி விட்டார்கள். யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு. அவற்றுக்குக் கீரை போடுவதும் புழுக்கை வாருவதும் பஞ்சவர்ணத்தின் வேலையோடு சேர்ந்துகொண்டது.

புஷ்பா பத்தாவது முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் வேலைக்குப் போனாள். அதே எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்த கோவிந்தராஜ், காட்டுப்பாக்கத்துப் பையன். அவனுக்குப் புஷ்பாவைப் பிடித்துப்போனது. புஷ்பாவுக்கும் அவனைப் பிடித்தது. ஓடிப்போகாமல் வீட்டில் சொன்னார்கள். ஒரே ஜாதி. பையன் வீட்டிலும் அதிகம் கேட்கவில்லை. பஞ்சவர்ணத்துக்கு வந்த ஒரே நல்ல காலம் 1989-ஆம் வருஷத்துத் தை மாதம் என்று சொல்லலாம். மாசியில் பூ வைக்க நாள் பார்த்தார்கள்.

பூ வைக்கிற அன்று கோவிந்தராஜின் தாயார் வேம்புலியம்மாள், அவனுடைய அத்தை அங்கம்மா, இன்னும் சில பெண்கள் நெமிலிச்சேரிக்கு வந்தார்கள். அங்கம்மா பூந்தமல்லிப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் ஆயா. நர்சுக்கு அடுத்தபடி தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது அவள் எண்ணம்.

வந்தவர்களுக்குப் பஞ்சவர்ணம் ரஸ்னா பொடி கரைத்துக்கொண்டிருந்தாள். குடத்திலிருந்து தண்ணீர் சாய்த்தபோது ரவிக்கையின் கை முழுதும் நனைந்துவிட்டது. பழக்கத்தில் ஈரத்துணியை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, டம்ளரைத் தட்டில் வைத்து வேம்புலியம்மாளிடம் நீட்டினாள்.

வேம்புலியம்மாள் டம்ளரை எடுக்கவில்லை.

"இன்னாமே இது கைல?"

"அது கொசு கட்ச்சது சம்பந்தி. எங்க ஆபீசுல கொசு வளக்குறாங்க. நான்தான் கை குடுக்குறது."

"கொசுக்குக் கை குடுக்குறியா? எதுக்கு?"

"அதுக்கு ரத்தம் ஓணும்ல. அப்பத்தான் முட்டை போடும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கம்மா எழுந்து வந்து, தொடாமல், குனிந்து பார்த்தாள். கறுப்புப் புள்ளிகளை அவள் கண்டுகொள்ளவில்லை. வெள்ளைத் திட்டுகளைப் பார்த்தாள்.

"கொசு கட்ச்சா செவக்கும். தடிக்கும். வெளுக்குமா?" என்றாள். "அண்ணி, நீ செத்த வெளிய வா."

தொழுநோய் ஒழிப்பு விளம்பரம் அப்போது எல்லாச் சுவரிலும் இருந்தது. சினிமாக் கொட்டகையில் படம் போடுவதற்கு முன்னால் ஸ்லைடு காட்டுவார்கள். தோல் வெளுத்த தேமல், அதில் உணர்ச்சி இருக்காது, உடனே காட்டுங்கள் என்று குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். வெளியே போனவர்கள் திரும்பி வந்தபோது யாரும் உட்காரவில்லை. கொண்டுவந்த பூ கூடையிலேயே இருந்தது.

பஞ்சவர்ணம் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டுகிறேன் என்றாள். வேம்புலியம்மாள் பதறிப்போனாள்.

"அந்த ஆஸ்பத்திரி வரிசைல நீ நிக்கறத எவனாவது பாத்தான்னா போதும், எம்புள்ளைக்கி அப்பால எவ பொண்ணு குடுப்பா? கொசு கட்ச்சுதுன்றல்ல, உங்க ஆபீஸ் டாக்டரு ஒரு வார்த்த சொல்லட்டும். ஆமா, எங்க கொசுதான்னு சொல்லட்டும். அப்பவே பூ வைக்கிறேன்."

ஒரு வார்த்தைதானே. பஞ்சவர்ணத்துக்கு மூச்சு வந்தது. டாக்டர் சொல்ல மாட்டாரா என்ன?

திங்கட்கிழமை கோவிந்தராஜ் தன் தாயாரைக் கூட்டிக்கொண்டு கொசு ஆபீசுக்கு வந்தான். அந்த வாரம்தான் டெல்லியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்று கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுரையைப் படித்துவிட்டு, பெரிய தொகை ஒதுக்கலாமா என்று பார்க்க வருகிறவர்கள் அவர்கள். பஞ்சவர்ணம் முயலுக்கான கீரைக்கட்டோடு தாழ்வாரத்து ஓரமாக நின்றாள். உலகநாதன் இருவரையும் தாழ்வாரத்திலேயே நிறுத்திக் கேட்டார்.

"என்ன விஷயம்?"

கோவிந்தராஜ் மென்று விழுங்கிச் சொன்னான். "சார், இந்தம்மா கைல இருக்கிறது... இங்க கொசுவுக்குக் கை குடுக்கறாங்கன்னு சொல்றாங்க. அது நெசமான்னு கேக்கத்தான்..."

உலகநாதன் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். பிறகு வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார்.

"யார் சொன்னா? இங்கே முயல்தான். வாங்க, பாருங்க" என்று அவரே கொல்லைப்பக்கம் கூட்டிவந்து காட்டினார். நான்கு முயல்களும் கொழுகொழுவென்று மூக்கைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. "மனுஷங்க ரத்தத்தை எடுக்கறதுக்கு நாங்க என்ன பேயா? இந்தம்மா கூட்டிப் பெருக்கற வேலை. நல்ல மனுஷிதான். ஆனா அவங்க கையில என்ன இருக்குன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் அந்த டாக்டர் இல்லையே."

"சார்" என்றாள் பஞ்சவர்ணம். "என் கை சார். நீங்கதான சார்..."

"கீரையைப் போடும்மா. பசியா இருக்குது பாரு."

பால்ராஜ் கதவருகே நின்றான். அவன் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் போன பிறகு உலகநாதன் அவளை அறைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, அன்பாகவே பேசினார். "இந்த வாரம் விஷயம் வெளியே வந்தா ஆபீசையே மூடிடுவாங்க. அப்புறம் உனக்கும் வேலை இல்லே. உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி மேலே எழுதியிருக்கேன். கல்யாணம் எங்கே போயிடப்போகுது? இது இல்லேன்னா இன்னொண்ணு." பிறகு சொன்னார்: "சாயங்காலம் மூணாம் கூண்டுக்குக் கொடுத்துட்டுப் போ. நேத்திக்கே கொடுத்திருக்கணும்."

அவள் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

ஆனால் வேறொரு யோசனை அவளுக்குள் ஓட ஆரம்பித்திருந்தது. வார்த்தை சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்ன, கொசு இருக்கிறதே. கண்ணால் பார்த்தால் நம்ப மாட்டார்களா? டெல்லிக்காரர்கள் முயலைப் பார்த்து மகிழ்ந்து திரும்பிப் போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, கூண்டறைக்குக் கொசுக்களின் சர்க்கரைத் தண்ணீரை மாற்றப் போனவள், ஒரு சின்னக் கூண்டை ஈரத்துணியில் சுற்றி ஒயர் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏறினாள்.

"இன்னாமா கூடைல? கோழியா? லக்கேஜ் போடணும்" என்றான் கண்டக்டர்.

"கொசு."

"இன்னாது?"

"கொசுப்பா. காட்டுப்பாக்கத்துல எங்க சம்பந்தி ஊட்டுக்கு எடுத்துகினு போறேன்."

"காட்டுப்பாக்கத்துக்கா? அங்க இல்லாத கொசுவா!" பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் லக்கேஜ் போடவில்லை. பஞ்சவர்ணமும் சிரித்துவிட்டுக் கூடையை மடியில் வைத்து, முந்தானையால் வெயில் படாமல் மூடிக்கொண்டாள்.

காட்டுப்பாக்கத்தில் வேம்புலியம்மாள் அவளை உள்ளே விடத் தயங்கினாள். கோவிந்தராஜ்தான், "வுடும்மா, இன்னாதான் காட்றாங்கன்னு பாப்போம்" என்றான். அங்கம்மாவும் இருந்தாள். பஞ்சவர்ணம் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னாள். கூண்டைத் தரையில் வைத்து, குடைத் துணியைப் போர்த்தி, ஒரு பக்கத்தை மட்டும் அவர்கள் பார்க்கும்படி தூக்கிவிட்டாள். முழுக்கை ரவிக்கையைச் சுருட்டினாள். துணிக்குழாய் வழியாகக் கையை உள்ளே விட்டாள்.

நேற்றிலிருந்து பட்டினி போட்ட கொசுக்கள். கொஞ்ச நேரத்தில் கை கறுத்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். கொசுக்களின் வயிறு மெல்லச் சிவந்து, புடைத்து, மணி மணியாகத் தொங்கியது. கோவிந்தராஜ் "யப்பா" என்றான். பஞ்சவர்ணம் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். நம்புகிறார்கள். அவளுக்கு அது தெரிந்தது. வாழ்க்கையில் எப்போதும் இல்லாதபடி, அன்று மிக நன்றாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. கையை அப்படியே வைத்திருந்தாள். ஒரு நரம்பு துடிக்கவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"வலிக்கலியா?" என்றாள் அங்கம்மா.

"வலிக்கும். அசையக்கூடாது."

அங்கம்மா கூண்டை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்தாள்.

கையை வெளியே எடுக்கும்போது ஒரு கொசு தப்பி வந்து அங்கம்மாவின் புறங்கையில் உட்கார்ந்தது. "அய்ய!" என்று அவள் உதறி அடித்தாள். அடித்த இடத்தில் ரத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காசு அகலத்துக்குத் தடித்து எழுந்தது. அவள் அதைச் சொறிந்தபடி பஞ்சவர்ணத்தின் கையை வெளிச்சத்துக்கு இழுக்கச் சொன்னாள். அத்தனை கொசு குடித்த கையில் ஒரு தடிப்பும் இல்லை. சிவப்புகூட இல்லை. வெள்ளைத் திட்டுகள் மட்டும் இருந்தபடி இருந்தன.

"பாத்தியா அண்ணி" என்றாள் அங்கம்மா. அவள் குரலில் வெறுப்பு இல்லை. கண்டுபிடித்துவிட்டவளின் நிதானம்தான் இருந்தது. "ஒரே ஒரு கொசு, நான் எப்டித் துள்ளுனேன். எனுக்கு எப்டித் தட்ச்சிகீது. இந்தம்மாவ அத்தினி கொசு புடுங்குது, கல்லாட்டம் குந்திகினு கீது. மூஞ்சி சுளிக்கல. உணர்ச்சி இல்ல. எங்க ஆஸ்பத்திரில குண்டூசி வச்சி இதத்தான் பாப்பாங்க."

"அது பழக்கம்மா! ஆறு வருசமா..."

"கொசு கடிக்கிற கைல பெருவியாதி வராதுன்னு எவன் சொன்னான்? அது வந்ததுனாலதான் உனுக்குக் கடி தெரியல."

பஞ்சவர்ணம் கோவிந்தராஜைப் பார்த்தாள். அவன் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்றான். அவள் படியிறங்கும்போதே வேம்புலியம்மாள் அவள் உட்கார்ந்த இடத்தில் பினாயில் ஊற்றினாள்.

கூண்டு எடுத்துப்போனது உலகநாதனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் பஞ்சவர்ணம் கொண்டுவந்து வைத்ததும் அவர் கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கண் கூண்டுக்குள் போய்விட்டது. குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எல்லாமே நல்லாக் குடிச்சிருக்கே" என்றார். "பஸ்ஸிலே கொண்டுபோயுமா? பரவாயில்லையே. பால்ராஜ், இதைக் குறிச்சுக்கோ. பயணத்தைத் தாங்குது."

ஒரு நாள் கூலியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

கோவிந்தராஜ் அம்பத்தூர் ஸ்டேஷனில் புஷ்பாவிடம் நடந்ததைச் சொன்னான். அம்மாவை எதிர்த்துக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் நாளைக்குப் பிள்ளை பிறந்தால் என்று இழுத்தான். புஷ்பா வீட்டுக்கு வந்தபோது பஞ்சவர்ணம் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். புஷ்பா செருப்பைக் கழற்றவில்லை. நின்றபடியே தாலிக்கு ஆசைப்பட்டது தப்பா என்று அழுதாள். பஞ்சவர்ணம் அரிசியில் கல்லைப் பொறுக்கினாள். பிறகு அழுகை நின்றது.

அப்போதுதான் பஞ்சவர்ணத்தின் முழங்கைக்குக் கீழே, வெளுத்த திட்டு ஒன்றில், சுருக்கென்று குத்தியது. கூர்மையாக, ஆழமாக.

ஆறு வருஷப் பழக்கம். குத்தியதும் கை தானாகவே கல்லாயிற்று. இழுத்துக்கொள்ளவில்லை. அசையவில்லை. அவள் மெதுவாகத் திரும்பினாள். புஷ்பா பின்னால் குந்தியிருந்தாள். கையில் தாவணியில் குத்தியிருந்த சேஃப்டி பின். ஊசி முனையில் ரத்தம்.

"வலிக்குது புஷ்பா" என்றாள் பஞ்சவர்ணம்.

"அப்பறம் ஏம்மா இழுக்கல?"

இதற்குச் சொல்ல பஞ்சவர்ணத்திடம் பதில் இருந்தது. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்ததும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. மறுநாள் காலையில் அவளுடைய டம்ளர் தனியே, ஜன்னலில் இருந்தது.

அதற்குப் பிறகு பஞ்சவர்ணம் ஒரு காரியம் செய்தாள். லீவு போட்டுவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, தொழுநோய் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றாள். அங்கே கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் தொட்டுத் தொட்டு, எங்கே தொடுகிறேன் சொல் என்றார்கள். எல்லா இடத்தையும் சரியாகச் சொன்னாள். உனக்கு ஒன்றுமில்லை, களிம்பு தடவுவதை நிறுத்து, போ என்று விரட்டிவிட்டார்கள். ஓட்டமாக ஓடிவந்து மகளிடம் சொன்னாள்.

புஷ்பா எழுந்து கதவைச் சாத்தினாள். "அங்க போனியா? அங்கியா போன? யாரு பாத்தாங்க? சொல்லும்மா, யாராவது பாத்தாங்களா?"

அந்த வருஷக் கடைசியில் புஷ்பா அம்பத்தூரில் தன் சித்தப்பா அப்பாவு வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டாள். கம்பெனிக்குக் கிட்டே என்று காரணம் சொன்னாள். கொசு ஆபீசில் உலகநாதனுக்குப் பதக்கம் வந்தது. கூடத்தில் அவர் படத்தைப் பெரிதாக மாட்டினார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு முயலை அணைத்தபடி நிற்கிற படம். பஞ்சவர்ணம் தினமும் அதைத் துடைத்தாள். நிரந்தரம் பண்ணச் சொல்லி மேலே எழுதிய காகிதம் மேலேயே இருந்தது. 1997-இல் ஆபீஸ் வேறு ஊருக்கு மாறும்வரை அவள் தினக்கூலிதான்.

1991-இல் புஷ்பாவுக்கு வேலப்பன்சாவடியில் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை கலியமூர்த்தி, லாரி ஷெட்டில் கணக்குப் பார்க்கிறவன். சேதி சொல்ல அப்பாவுதான் நெமிலிச்சேரிக்கு வந்தார். வாசலில் நின்று துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அண்ணி, அவங்க ஊட்ல பொண்ணோட ஆயி எங்கன்னு கேட்டாங்க. நான் இன்னா சொல்றது..."

"செத்துப்பூட்டான்னு சொல்லு" என்றாள் பஞ்சவர்ணம்.

அப்பாவு தலையைக் குனிந்துகொண்டார். "அதத்தான் அண்ணி சொல்லிட்டோம். புஷ்பாவே சொல்லிட்டா. உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு..."

ஆவணி மாதம் முகூர்த்தம். அன்றைக்கு இரண்டாம் கூண்டின் முறை. பஞ்சவர்ணம் எப்போதும்போல் வந்து, கையைச் சோப்பில்லாமல் கழுவி, முக்காலியை இழுத்துப் போட்டாள். பால்ராஜ் சர்க்கரைத் தண்ணீர் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, இன்னிக்கி உம்பொண்ணுக்குக் கல்யாணம்ன்னாரு அப்பாவு. நீ இன்னா இங்க குந்திகீற? போவலியா?"

"நான் செத்துப்பூட்டேன்டா. செத்தவ எங்க போறது?"

பால்ராஜ் சிரித்தான். முயல் ஜோக்குக்குச் சிரித்த மாதிரியே சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கிண்ணங்களோடு வெளியே போய்விட்டான்.

அவள் குடைத் துணியைப் போர்த்தி, துணிக்குழாய்க்குள் கையை விட்டாள். அது நல்ல பசியில் இருந்த கூண்டு. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வந்து அப்பின. ஒவ்வொன்றும் ஊசி இறக்குவது தனித்தனியாகத் தெரிந்தது. முதல் நாளில் எப்படித் தெரிந்ததோ அப்படியே தெரிந்தது. அவள் கையை அசைக்கவில்லை. கடைசிக் கொசு வயிறு நிறைந்து விலகும்வரை வைத்திருந்துவிட்டு, கையை எடுத்து, ரவிக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு, முயல்களுக்குக் கீரை போடக் கொல்லைப்பக்கம் போனாள்.